ஒரே கிளாஸ் தேத்தண்ணி

என் கை முழுசாக விரிவதில்லை. மேசைமேல் வைத்தால் உள்ளங்கைக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்திருப்பதுபோலக் குவிந்தே நிற்கும். பார்ப்பவர்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டவர்கள் சும்மா போவதில்லை, ஆளுக்கொரு வைத்தியமும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வெந்நீரில் உப்புப் போட்டு முக்கு, நல்லெண்ணெய் தடவு, தாப்பா டவுனில் ஒரு சீனர் ஊசி குத்துகிறார், ஒரு தடவை போய்ப் பாரேன். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். மறுத்துப் பேசுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

நோயின் பெயர் ஸ்க்லெரோடெர்மா. வாயில் நுழையாத பெயர், அதிலும் என் வாய் இப்போது முன்னைவிடச் சின்னதாகிவிட்டது. தோல் இறுகும் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரனைத் திருடன் என்று நினைத்து அடிக்கிறான் என்று ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு விளக்கினார்கள். அடி முதலில் விரல்களில் விழுந்தது. பிறகு முகம், பிறகு தொண்டைக்குக் கீழே சோறு இறங்கும் குழாய். குளிர் பட்டால் விரல் நுனிகள் சுண்ணாம்பாக வெளுத்து, அப்புறம் நீலம் பாரித்துவிடும்.

நான் செமோர் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் கிராணியாக இருந்தேன். வருகைப் பதிவு, புத்தகக் கணக்கு, பெற்றோர் சண்டை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஆபீசில் ஏர்கோன் ஓடும்போது நான் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "என்னக்கா, கேமரன் மலைக்கு மாத்தலா?" என்று ஆசிரியர்கள் கிண்டல் செய்வார்கள். சிரிப்பேன். தட்டச்சு செய்ய முடியாமல் போனபிறகு வேலையை விட்டுவிட்டேன். கிண்டலும் நின்றது, அதற்காக ஒன்றும் நிம்மதியாக இல்லை.

எங்கள் வீடு இருக்கும் தாமான் குடியிருப்பு ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். என் வீட்டுக்காரர் பிறந்த லயத்து வீடு இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை இருக்கிறது. அதில் எங்கள் இருவருக்கும் பெரிய வருத்தம் எதுவும் கிடையாது. ஒழுகாத வீட்டில் இருக்கிறோம், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அவர் ஒரு தொழிற்சாலைக்குப் பேருந்து ஓட்டுகிறார். விடியுமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார்.

எங்கள் கல்யாணத்தில் பாலும் பழமும் கொடுத்தார்கள். அவர் பாதி குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினார், மீதியை நான் குடித்தேன். எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான். ஆனால் என் மாமியார் அதை ஒருநாள் சடங்காக விடவில்லை. வீட்டில் என்ன குடித்தாலும் முதல் மடக்கு அவருடையது, மிச்சம் என்னுடையது, அதுவும் அதே கிளாஸில். அதுதான் மரியாதை, அதுதான் ஒற்றுமை என்பார். படித்த பெண்ணான எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எச்சில் குடிக்கவா என்னைக் கட்டிவைத்தார்கள் என்று அம்மாவிடம் போய் அழுதிருக்கிறேன். அம்மா என்ன செய்வார், அவரும் அப்படிக் குடித்தவர்தான்.

மாமியார் போய்ச் சேர்ந்து நெடுநாள் ஆகிவிட்டது. சட்டம் போட்டவர் போனபிறகும் நாங்கள் இருவரும் ஒரே கிளாஸில்தான் குடித்துக்கொண்டிருந்தோம். எப்போது கோபம் போய்ப் பழக்கமானது, எப்போது பழக்கம் போய்ப் பிரியமானது என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் பேருந்தை விட்டுவிட்டு வந்ததும் என்னை முச்சந்தி ஒட்டுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒரே ஒரு தேத்தண்ணி, சீனி குறைச்சு. என் தொண்டை கெட்டபிறகு அந்த முதல் மடக்குக்கு ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது. சூடாக எதுவும் எனக்கு இறங்காது, பாதியில் நின்று நெஞ்சைப் பிடிக்கும். அவர் ஒரு மடக்கு குடித்துப் பார்ப்பார். "சூடா இருக்கு, கொஞ்சம் இரு," என்பார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மடக்கு குடித்துப் பார்த்துவிட்டு, "ம், இப்ப குடி," என்று என் இரண்டு கைகளுக்கும் நடுவில் கிளாஸை வைப்பார். பல நாட்களில் எங்களுக்குள் நடந்த பேச்சே அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்புறம் வயிற்றுவலி வந்தது. எங்கள் ஆட்களுக்கு வயிற்றில் என்ன வந்தாலும் கேஸ்ட்ரிக்தான். பசியாறாமல் வேலைக்குப் போனால் கேஸ்ட்ரிக், பசியாறினாலும் கேஸ்ட்ரிக். நானும் அப்படித்தான் நாட்களைத் தள்ளினேன். ஒருநாள் வலியில் குனிந்தவள் நிமிர முடியாமல் போனதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். என் சின்ன வாயில் அதை நுழைக்க அந்தத் தாதி பட்ட பாட்டுக்கு நான்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வயிற்று டாக்டர் சிலோன் பரம்பரை, ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்களோடு தமிழில் பேச ஆசைப்பட்டார். அவர் பேசாமல் மலாயிலேயே சொல்லியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். மலாயில் சொன்னால் என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்திருப்பார். தமிழில் சொன்னதால் ஒவ்வொரு சொல்லும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

என் வயிற்றில் ஒரு கிருமி இருப்பதாக டாக்டர் சொன்னார். ஹெலிகோபேக்டர் என்று பெயர். உலகத்தில் பாதிப்பேர் வயிற்றில் சத்தமில்லாமல் குடியிருக்கும், சிலருக்குத்தான் புண்ணாக்கும் என்றார்.

"எங்கேருந்து டாக்டர் வந்திச்சு?" என்று இவர் கேட்டார்.

"கூடுதலா வீட்டுக்குள்ளதான் பரவும். சின்ன வயசிலேயே வந்திருக்கலாம். வாய்வழியா, ஒரே தட்டு, ஒரே கிளாஸ், அப்படி."

இவர் என் கையைப் பார்த்தார். "டாக்டர், இவ கைக்கும் இந்தக் கிருமிக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்கா?"

நல்ல டாக்டர் அவர். பொய் சொல்லவும் மாட்டார், பயமுறுத்தவும் மாட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "இந்தக் கிருமி உடம்பின்ட எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி விடுதோ எண்டு ஆராய்ஞ்சு கொண்டுதான் இருக்கினம். தோல் இறுகிற நோய், கண்ணும் வாயும் காயிற நோய், இப்படிப்பட்ட ஆக்களிட்ட இந்தக் கிருமி கூட இருக்கு எண்டு சிலர் சொல்லுகினம். அப்படி ஒண்டும் இல்லை எண்டும் சிலர் சொல்லுகினம். இதுதான் காரணம் எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. வயித்துப் புண்ணுக்காக மருந்தை ஒழுங்கா எடுங்கோ."

நான் கடைசி வாக்கியத்தைக் கேட்டேன். இவர் நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் வேறு யாருக்காவது வயிற்றுக் கோளாறு இருந்தால் அவரையும் சோதிப்பது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. பேருந்தில் ஸ்டியரிங் பக்கத்தில் எப்போதும் ஒரு அட்டை வெள்ளை மாத்திரை கிடக்கும். பெப்பர்மின்ட் மாதிரி மென்றுகொண்டே ஓட்டுவார். சோதனை என்றால் ஊதுவதுதான். ஒரு பையைக் கொடுத்து மூச்சை ஊதச் சொன்னார்கள். "ரோட்டுல போலீஸ்காரன் ஊதச் சொன்னப்பெல்லாம் தப்பிச்சுட்டேன் லா," என்று தாதியிடம் ஜோக்கடித்தார். முடிவு வந்தபோது இவருக்கும் இருந்தது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் அவர் ஜோக்கடிக்கவில்லை.

காரில் வரும்போதே கணக்குப் போட்டு முடித்துவிட்டார். "உன்னக் கட்டுறதுக்கு முன்னயே எனக்கு வயித்துவலி. அப்ப எங்கிட்டேருந்துதான் உனக்கு வந்திருக்கு."

"எங்க வீட்டுலயும் எல்லாருக்கும் கேஸ்ட்ரிக்தான். யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு காட்ட, கிருமி என்ன ஐசி கார்டா வச்சிருக்கு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நான் குடிச்ச மிச்சத்தத்தான நீ குடிச்ச," என்றார்.

மறுவாரம் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாம் எவர்சில்வர். மூன்றிலும் அவர் பெயரின் முதல் எழுத்தைப் புள்ளிப் புள்ளியாக வெட்டி வாங்கியிருந்தார். எங்களில் சீர்ப் பாத்திரத்தில்தான் பெயர் வெட்டுவார்கள், நாளைக்கு யாரும் தன்னுடையது என்று தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று. இவர் தன் பாத்திரத்தை நான் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக வெட்டியிருந்தார். அதில் சாப்பிட்டார், அவரே கழுவினார், சமையலறையில் தனியாக ஒரு மூலையில் கவிழ்த்து வைத்தார். நோயாளிக்குத் தட்டை ஒதுக்கி வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டில் நோயில்லாதவர் தன்னைத் தானே ஒதுக்கிக்கொண்டார்.

ஒட்டுக்கடையில் முதல் தடவையாக "தே ரெண்டு" என்று கேட்டார். கடைக்காரப் பையன் மூன்றாவது ஆள் எங்கே என்று பின்னால் எட்டிப் பார்த்தான். இரண்டு கிளாஸ் வந்தது. அவர் தன்னுடையதை வேகமாகக் குடித்துவிட்டு, போன் பார்ப்பதுபோல எழுந்து ரோட்டோரம் போய் நின்றுகொண்டார். என் கிளாஸில் சூடு போய்விட்டதா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. அவசரப்பட்டுக் குடித்து ஒருநாள் நெஞ்சு எரிந்தது. அதற்குப் பிறகு மேலே பாலாடை படியும்வரை விட்டுவைத்தேன். ஆறிப்போன தேத்தண்ணி போல ஒரு கேவலமான சாமான் உலகத்தில் இல்லை. பாதியோடு வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைப்பானேன். நோய் எனக்கு. சட்டைப் பட்டன் போட அரை மணி ஆவது எனக்கு. மூடியைத் திறக்க முடியாமல் பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு. ஆறுதல் மட்டும் நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, "உங்களால இல்லைங்க," என்று மருந்து கொடுப்பதுபோலக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது அவருக்குள் இறங்கவே இல்லை. கடைசியில் சொல்வதையே விட்டுவிட்டேன். அலுத்துப்போயிற்று. அவர் உட்கார்ந்து துக்கப்பட எனக்கு ஒரு நோய் வந்ததா என்றுகூட நினைத்தேன்.

இரண்டு பேரும் மருந்து சாப்பிட்டோம். கைநிறைய மாத்திரை, வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல ஒரு கசப்பு. அந்த வெள்ளை மாத்திரையைத் தவிர தலைவலிக்குக்கூட ஒன்றும் போடாத மனிதர், போனில் மணி வைத்துப் பேருந்தை ஓரம் கட்டி விழுங்கினார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. எனக்கும் பக்கத்தில் நின்று மாத்திரையைப் பிதுக்கிக் கொடுத்தார், என் விரலால் அந்த அட்டையை அழுத்த முடியாது. கொடுக்கும்போதுகூட என் உள்ளங்கையில் படாமல் மேலிருந்து போட்டார்.

மறுபடியும் ஊதினோம். இருவருக்கும் கிருமி போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். புண் ஆறி எனக்கு வலி நின்றது. நன்றாகச் சாப்பிட்டேன், ராத்திரி தூங்கினேன். இனிமேல் அந்த எழுத்து வெட்டிய டம்ளர் அலமாரிக்குள் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அது பாட்டுக்கு மூலையில் கவிழ்ந்தே இருந்தது.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். காலையில் நான் பல் துலக்கும்போது அவர் குளியலறை வாசலில் வந்து நிற்பார். பேச ஒன்றும் இருக்காது. நான் பிரஷ்ஷைப் பிடிப்பதைப் பார்ப்பார். சோறு பிசையும்போது பார்ப்பார். துணி மடிக்கும்போது பார்ப்பார். பாவம் பார்க்கிறார் என்று எரிச்சல்பட்டேன். எத்தனையோ நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மனிதர் பாவம் பார்க்கவில்லை, காத்துக்கொண்டிருக்கிறார். கிருமி போய்விட்டது, இனி கை விரிய வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அது தெரிந்த அன்று முழுவதும் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் மகளுக்குப் போன் பண்ணினேன். அவள் மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவள், இதையெல்லாம் ஆங்கிலத்தில் தேடிப் படிப்பவள்.

"கிருமி போனா இந்த நோய் போயிடும்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"கிருமிக்கு மருந்து சாப்பிட்டதும் விரல் வெளுக்கறது சிலருக்குக் கொறஞ்சுதுன்னு இருக்கும்மா. கொறையலன்னும் இருக்கு. உங்க கை இறுகி ரொம்ப நாளாச்சு, அது திரும்பாதும்மா," என்றாள்.

"அப்ப கிருமியால வரலன்னு ஆயிடுச்சுல்ல?"

"அப்படியும் சொல்ல முடியாதும்மா. எப்பவோ பத்த வச்சுட்டு அது ஒதுங்கியிருக்கலாம். குச்சிய எடுத்துட்டா நெருப்பு நிக்குமா? ஆனா பத்த வச்சது அதுதான்னும் யாருக்கும் தெரியாது."

"இத உங்கப்பாகிட்ட சொல்லாத," என்றேன்.

அன்று சாயங்காலம் மழை. ஒட்டுக்கடைத் தகரத்தில் சத்தம் காதை அடைத்தது. "தே ரெண்டு" வந்தது. மழையானதால் அவரால் எழுந்து ரோட்டோரம் போக முடியவில்லை. தன் கிளாஸை முடித்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"கிருமி போயி இத்தன மாசம் ஆச்சு. கை எப்ப விரியும்?"

கேட்டுவிட்டார். அவர் கேட்கக்கூடாது என்று நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. சமாதானமாக ஏதாவது சொல்லலாம். மெல்ல மெல்ல விரியும், டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம். அவரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார், சாகும்வரை பார்ப்பார். எனக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. பார்க்கப்படுவதும் ஒரு வேலைதான், அந்த வேலையைச் செய்து நான் களைத்துப்போயிருந்தேன்.

என் வலது கையை எடுத்து அவர் முன்னால் மேசைமேல் வைத்தேன். குவிந்து நின்றது.

"நல்லா பாருங்க," என்றேன். "விரியல. இனிமேயும் விரியாது."

"விரியவே விரியாதா?"

"விரியாது. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. கிருமியாலதான் கை இப்படிப் போச்சுன்னா, கிருமி போனதும் கை விரிஞ்சிருக்கணும்ல? விரியலயே. அப்ப கிருமி இல்ல. கிருமி இல்லன்னா நீங்களும் இல்ல. போதுமா?"

இதில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். மத்தியானம்தான் மகள் அந்த ஓட்டையைக் காட்டியிருந்தாள். அவரும் கணக்குப் போடத் தெரிந்தவர்தான், கொஞ்சம் யோசித்தால் அவரும் கண்டுபிடித்திருப்பார். யோசிக்க விடாமல் கையை இன்னும் அவர் பக்கமாகத் தள்ளினேன். இந்தக் கையால் எனக்கு எழுத முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை. விரியாமல் இருந்து ஒருவரை விடுதலை செய்வதற்காவது உதவட்டும் என்று இருந்தது.

அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு செய்தியும் ஒரே நேரத்தில் அவருக்குள் இறங்குவது முகத்தில் தெரிந்தது. என் கை சரியாகப் போவதில்லை, அதற்கு அவர் காரணமும் இல்லை. எதற்காக அழுதார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைப் பையன் பார்க்காததுபோல மேசை துடைக்கப் போய்விட்டான். என் கண்ணில் ஒன்றும் வரவில்லை. என் பங்கை நான் எப்போதோ அழுது முடித்திருந்தேன்.

மழை குறைந்தது. தன் காலிக் கிளாஸை அவர் மேசை ஓரமாக ஒதுக்கி வைத்தார். என் கிளாஸை நான் இன்னும் தொட்டிருக்கவில்லை, மேலே தடிமனாக ஆடை படிந்திருந்தது. அதை எடுத்தார். விரலால் ஆடையை ஒதுக்கிவிட்டு ஒரு மடக்கு குடித்தார். கிளாஸை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சூடா இருக்கு," என்றார், "கொஞ்சம் இரு."

அது எப்போதோ ஆறிப்போயிருந்தது. நான் இருந்தேன்.